சதுர அடிக்கு எவ்வளவு? வீடு கட்டும் முன் நாமே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், ஒரு பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், இன்னொரு பக்கம் ஜிஎஸ்டி சாலை. உள் தெருக்களுக்குள் போனால் வேறு காட்சி. ஒரு வீட்டுக்கு வானம் தோண்டுகிறார்கள், அடுத்த மனையில் சென்ட்ரிங் நிற்கிறது, அதற்கடுத்து கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று இந்த வரிசை முழுவதும் "சும்மா கிடக்கிற மனையில ஒரு வீட்டைக் கட்டிடலாமே" என்ற பேச்சு கூடியிருக்கிறது.

அந்தப் பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "சதுர அடிக்கு எவ்ளோ ஆகும்?"

இந்தக் கேள்விக்கு மேஸ்திரி ஒரு பதில் சொல்வார், பொறியாளர் ஒரு பதில் சொல்வார், போன மாதம் வீடு கட்டி முடித்த மச்சான் இன்னொரு பதில் சொல்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் சித்தப்பா வீடு லிண்டல் மட்டத்தில் ஒன்றரை வருடம் நின்றது. ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அந்த ஒப்பந்தத் தாளை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒரே பக்கம். சதுர அடி விலை ஒன்று இருந்தது. எது அதில் சேரும், எது சேராது என்று ஒரு வரிகூட இல்லை. நகை அடகுக் கடைக்குப் போனது அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

இரண்டு கொட்டேஷன், ஒரே வீடு

1,000 சதுர அடியில் தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக மட்டும்; உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார். இரண்டாமவர் 2,150 சொல்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டரை லட்சம் மிச்சம். கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது: முதலாமவர் வீட்டுப் பரப்பான 1,000 சதுர அடிக்கு மட்டும் கணக்குப் போட்டு 24 லட்சம் என்கிறார். இரண்டாமவர் போர்ட்டிகோ, மாடிப்படி, படிக்கு மேலே வரும் அறை எல்லாவற்றையும் முழுப் பரப்பாகச் சேர்த்து 1,150 சதுர அடி என்கிறார். 2,150-ஐ 1,150-ஆல் பெருக்கினால் 24,72,500 ரூபாய். மலிவானவர் இப்போதே 72,500 ரூபாய் அதிகம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் இன்னும் பேச்சுக்கே வரவில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, பரப்பு. எந்தப் பரப்பு? சுவர் தடிமனும் சேர்த்தா, சேர்க்காமலா? போர்ட்டிகோவுக்கும் பால்கனிக்கும் முழு விலையா, பாதி விலையா? மேலே தட்டோடு பதிப்பது இந்த விலைக்குள் வருமா? கைப்பிடிச் சுவர் எத்தனை அடி உயரம்? சம்ப் என்றால் எத்தனை லிட்டர்? (8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 288 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 8,150 லிட்டர். ஒப்பந்தக்காரர் லிட்டர் கணக்கில் சொன்னால் இப்படி டேப் வைத்துச் சரிபார்க்கலாம்.) போர்வெல், கரண்ட் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணங்கள் யார் தலையில்?

அடுத்தது வரி. இந்த ஜிஎஸ்டி சாலை இல்லை, மற்ற ஜிஎஸ்டி. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசி வேலை செய்வித்தால் அந்தக் கூலி ஒப்பந்தத்துக்கு வரி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து முழு ஒப்பந்தம் கொடுத்தால், பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் 18 சதவீதம் போடுவார். 24 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 4,32,000 ரூபாய்! "ஜிஎஸ்டி உள்ளயா, தனியா?" என்ற ஒரு கேள்வியின் விலை அது. பதிவே இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று வசூலிக்க முடியாது. பதிவு எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போனிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அரசு எப்படி எஸ்டிமேட் போடுகிறது?

பள்ளிக் கட்டடமோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, பொதுப்பணித் துறை சதுர அடி விலையை மட்டும் வைத்து டெண்டர் விடுவதில்லை. தொடக்கத்தில் ஒரு தோராயக் கணக்குக்கு அது பயன்படும். அதன்பின் வேலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். மண் தோண்டுவது இத்தனை கன மீட்டர், அடி காங்கிரீட் இத்தனை, கம்பி இத்தனை டன், செங்கல் கட்டு இத்தனை, பூச்சு இத்தனை சதுர மீட்டர் என்று வரைபடத்தை வைத்து அளவெடுப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் துறையின் விலை விகிதப் பட்டியலில் ஒரு விலை இருக்கும். அளவை விலையால் பெருக்கி, கூட்டி, அதன்மேல் வரி, தொழிலாளர் நல நிதி, எதிர்பாராச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் அதுதான் மதிப்பீடு.

வேலை நடக்கும்போது இன்னொரு ஆவணம் வரும். அளவுப் புத்தகம், துறையில் 'எம்-புக்' என்பார்கள். எவ்வளவு வேலை நடந்தது என்று பொறியாளர் நேரில் அளந்து அதில் எழுதியபிறகுதான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரத்தையும் காங்கிரீட்டுக்குள் மறையும் கம்பியையும் மூடுவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

இதை நம் வீட்டுக்கும் கொண்டுவரலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் கையில் இருக்கும் போனும் போதும். கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் போடும் முன், டேப்பைப் பக்கத்தில் வைத்து நான்கு போட்டோ. தேதி தானாகப் பதிவாகும். நோட்டில் ஒரு வரி. அன்றைக்குக் கொடுத்த பணம் அடுத்த வரி. பிரச்சினை வந்தால் "நான் குடுத்தேன், நீங்க வாங்கினீங்க" என்ற சண்டைக்குப் பதில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

(உங்கள் தெருவில் நடக்கும் அரசு வேலையின் மதிப்பீட்டையும் நீங்கள் கேட்கலாம். 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவண நகல் மட்டுமல்ல, பணியைப் பார்வையிடுவதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும்கூட உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.)

மூட்டைக் கணக்கு, கம்பிக் கணக்கு

விரிவான எஸ்டிமேட்டைப் பொறியாளர்தான் போட வேண்டும். ஆனால் அவர் தரும் தாள் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கச் சில கைக்கணக்குகள் உண்டு. சாதாரண வீட்டுக்கு, ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பி. 1,000 சதுர அடி என்றால் 400 மூட்டை, மூன்றரை முதல் நான்கு டன். மண் மோசமாக இருந்தாலும், மேலே மாடி வரும் என்று கட்டினாலும் இது கூடும். ஆனால் எஸ்டிமேட்டில் 700 மூட்டை என்றோ ஒன்றரை டன் கம்பி என்றோ இருந்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டாவது முதலாவதைவிட ஆபத்து.

ரூஃப் காங்கிரீட்டுக்குத் தனியாகப் பார்க்கலாம். 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை. ஆக 94, 95 மூட்டை. பீம் தனி. ரூஃப் போடும் அன்று காலிச் சாக்குகளை எண்ணச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது உட்காரவைப்பார்கள் இல்லையா? அவர்கள் கையில் இந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

கம்பிக்கு ஒரு சூத்திரம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். சில சதவீதம் கூடக் குறைய இருக்க இந்தியத் தர நிர்ணய விதியில் இடம் உண்டு; ஒன்றரை கிலோ குறைந்தால் அது விதியில் வராது. எடைமேடை சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க, ஐந்து நிமிட வேலை.

எம்-சாண்டும் ஜல்லியும் 'யூனிட்' கணக்கில் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் உள்ளளவு 14 அடி நீளம், 7 அடி அகலம், மணல் நிற்கும் உயரம் 4 அடி என்றால் 392 கன அடி. நாலு யூனிட்டுக்கு எட்டு கன அடி குறைவு. ஓட்டுநர் கொட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். கொட்டியபின் அளப்பது ஊருக்குப் போன பஸ்ஸுக்குக் கைகாட்டுவது மாதிரி.

இந்த அளவுகள் கையில் இருந்தால் விலை ஏற்ற இறக்கம் பயமுறுத்தாது. சிமென்ட் மூட்டைக்கு 50 ரூபாய் ஏறினால் 400 மூட்டைக்கு 20,000 ரூபாய். கம்பி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் நான்கு டன்னுக்கு அதே 20,000. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 300 ரூபாய் என்று வைத்தால் மூட்டைக்கு 30 ரூபாய், 400 மூட்டைக்கு 12,000 ரூபாய். அதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டை யாராவது அப்படியே நீட்டினால் இதைச் சொல்லலாம். "சிமென்ட் ஏறிடுச்சு, ரெண்டு லட்சம் கூடக் குடுங்க" என்றாலும் இதே கணக்குதான் பதில்: இரண்டு லட்சம் ஏற மூட்டைக்கு 500 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். ஏறியதா?

மண்ணுக்குள் போகும் பணம்

எஸ்டிமேட் அதிகம் தவறுவது தரைக்குக் கீழேதான். சென்னைப் புறநகரின் தெற்குப் பகுதி ஏரிகளின் ஊர். பொத்தேரிக்கே ஓர் ஏரி உண்டு. ஏரிக்கரையை ஒட்டியோ, பழைய வயல் நிலத்திலோ மனை இருந்தால் களிமண் வரலாம். மழையில் வீங்கி வெயிலில் சுருங்கும் மண்ணில், பக்கத்துத் தெருவில் போட்ட அதே ஆழம் போதாது. மண் பரிசோதனை செலவை மிச்சம் பிடிப்பவர்கள் பலர். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை. ஆனால் அஸ்திவாரத்தின் வகையும் ஆழமும் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். வானம் தோண்டியபின் "இன்னும் ரெண்டடி போகணும் சார்" என்று கேட்பது எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத செலவு.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்திருக்கக்கூடும். 1,000 சதுர அடி வீட்டை ஓர் அடி கூடுதலாக உயர்த்த ஏறத்தாழ 1,000 கன அடி, அதாவது 10 யூனிட் நிரப்பு மண் வேண்டும். அதோடு சுற்றுச் சுவர், தூண்களில் ஓர் அடி கூடுதல் வேலை. கட்டும்போது இது தாங்கக்கூடிய செலவு. கட்டி முடித்த வீட்டை உயர்த்துவது வேறு கதை.

அனுமதியும் பணமும்

1,000 சதுர அடி வீட்டுக்கான அனுமதி இப்போது எளிது. 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்ட சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்பதால் ஒரு கிரவுண்டு மனைக்காரர்கள் இதற்குள் வந்துவிடுவார்கள். கூராய்வுக் கட்டணமும், உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இதில் கிடையாது. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அந்தத் தொகை நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் வேறுபடும். பொத்தேரியைச் சுற்றி இரண்டு வகை எல்லைகளும் அருகருகே இருப்பதால், உங்கள் மனை எதில் வருகிறது என்பதைப் பார்த்து அந்தத் தொகையை எஸ்டிமேட்டின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பெயரே சுயசான்று. தவறான விவரம் கொடுத்தால் பொறுப்பும் நம்முடையதுதான்.

வங்கிக் கடன் வாங்குபவர்களுக்கு எஸ்டிமேட் இன்னொரு காரணத்துக்காக முக்கியம். 30 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில் மதிப்பின் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதி நம் கையிலிருந்து. அதுவும் வங்கி மொத்தமாகக் கொடுக்காது. பேஸ்மட்டம், ரூஃப், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடுக்கும். ஒப்பந்தக்காரரோ ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதே கேட்பார். இந்த இடைவெளியில்தான் கைமாற்றும் வட்டிக்கு வாங்குவதும் நுழைகிறது. ஒப்பந்தத்தில் பணம் தரும் கட்டங்களை வங்கியின் கட்டங்களோடு பொருத்தி எழுதுவது இதைத் தடுக்கும். இன்னொரு விஷயம், ரூஃப் போட்டதும் வீடு பெரும்பாலும் முடிந்த மாதிரித் தெரியும். செலவில் ஏறத்தாழ பாதிதான் முடிந்திருக்கும். பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், குழாய், பெயின்ட் எல்லாம் இனிமேல்தான்.

மாடியையும் இப்போதே கட்டிவிடலாமா?

பொத்தேரியில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பல்கலைக்கழகம் பக்கத்தில், மாணவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். "மாடியைக் கட்டினா வாடகையே இஎம்ஐ கட்டிடும்" என்பார்கள். போட்டுப் பார்ப்போம். இதுவும் கணக்குக்காக எடுத்த எண்கள்தான்.

மாடி 800 சதுர அடி, செலவு 16 லட்சம், முழுவதும் கடன், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 13,885 ரூபாய். வாடகை 12,000. வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் கையில் வருவது 1,32,000. சொத்து வரி கூடுதல், மோட்டார், பெயின்ட், ரிப்பேர் என்று 15,000 கழித்தால் 1,17,000. மாதத்துக்கு 9,750 ரூபாய். மாதந்தோறும் 4,135 ரூபாய் நம் பையிலிருந்து போகும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் காலியானால் 5,135. வாடகையும் செலவும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால்கூட, வாடகை தவணையை எட்டிப் பிடிக்க எட்டு வருடம் ஆகும்.

இதனால் மாடி கட்டவே கூடாது என்றில்லை. பாதித் தொகை சேமிப்பிலிருந்து வந்தால் கணக்கு மாறும். பிள்ளைக்கு நாளை அந்த மாடி தேவைப்பட்டாலும் மாறும். இஎம்ஐ தானாக ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. வாடகைக்கு விடுபவர்கள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பெண்கள் விடுதி நடத்தும் எண்ணம் இருந்தால் 2014-ம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி பதிவும் உரிமமும் தேவை. அதற்குச் செய்யும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் செலவில் சேருங்கள்.

மாடியைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்தாலும் அஸ்திவாரத்தைத் தள்ளிப்போட முடியாது. தூணும் அஸ்திவாரமும் தரையோடு முதல் தளத்தையும் தாங்கும்படி இப்போதே வடிவமைக்கச் சொல்லி, அதற்கான கூடுதல் தொகையை எஸ்டிமேட்டில் தனி வரியாகக் கேளுங்கள். அந்த வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வரும் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான். மேலே நீட்டி விட்ட தூண் கம்பிகளை வெறுமனே மழையில் விடாமல், மட்டமான கலவையில் காங்கிரீட் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். மாடி கட்டும்போது அதை உடைத்து எடுத்தால் உள்ளே கம்பி துருவில்லாமல் இருக்கும்.